அண்ணி ஏற்றிய வேகம்

அலுவலகப் பதிவேட்டில் இந்த அம்மாளைப் பற்றி இருப்பது இவ்வளவுதான்: ‘இளநிலை எழுத்தர். அமைதியானவர். புதிதாக எதையும் முயலும் ஆர்வம் இல்லை.’ வீட்டிலோ, கணினியின் ப்ராசஸரைத் தயாரித்தவர்கள் சொன்ன வேகத்துக்கு மேலே ஓட்டுவதுதான் அவருடைய ஒரே ஆசை. வெப்பத்தைப் பார்த்துப் பார்த்து, வாரத்துக்கு ஒரு படியாக மூன்று மாதம் ஏற்றியிருந்தார்.

சென்ற சனிக்கிழமை பொறுமை போய், ப்ராசஸரோடு ராம் எனும் நினைவகத்தின் வேகத்தையும் சேர்த்து ஏற்றிவிட்டார். மறுநாள் மதியம் நாத்தனார், ஒரு மரச்சாமான் கடைக்காகத் தான் எடுத்த விளம்பரப் படத்தை அந்தக் கணினியில் கடைசி வடிவத்துக்கு மாற்ற உட்கார்ந்தாள். திரை மூன்று முறை உறைந்தது. ஐந்து மணிக்குள் படம் கடைக்குப் போயாக வேண்டும்.

“என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே அண்ணி. சூடாயிடுச்சா?”

“எழுபது டிகிரிதான் காட்டுது. ப்ராசஸருக்கு அது சூடே இல்ல.”

“வோல்டேஜ ஏத்திப் பாரு,” என்றார் கணவர், செய்தித்தாளை இறக்காமல்.

“ஏத்தலாம். சிப்பு கருகினா அந்தப் பேப்பராலயே விசிறி விடுங்க.”

நாத்தனார் சிரித்துவிட்டாள். “சரி, தப்பு ப்ராசஸர் மேலயா, ராம் மேலயா?”

“ரெண்டையும் ஒண்ணா ஏத்துன புத்திசாலி நான். ஒவ்வொண்ணா சோதிக்க ஒரு நாள் ஆகும்.”

“அப்போ போன வார வேகத்துக்கு மட்டும் இறக்குங்க.”

“அந்த வேகத்துல இவ்வளவு நேர வேலைய நான் ஓட்டிப் பார்த்ததே இல்லடி.”

மூன்று மாதமாக ஏற்றியதை எல்லாம் அவர் ஒரே நிமிடத்தில் இறக்கி, கணினியை வாங்கிய அன்றிருந்த வேகத்திலேயே படத்தை ஓடவிட்டார். நாலே காலுக்கு அது கடைக்குப் போய்ச் சேர்ந்தது.