பின்வளவில் ஒரு மரக்கொட்டில்

ஹில்ஸ்பரோவில் நாங்கள் வாடகைக்கு இருப்பது பலகைச் சுவர் வைத்த சிறிய வீடு. உலகப்போர் முடிந்த பிறகு ஒரு குடும்பம் தன் கையாலேயே கட்டியது. கட்டி முடியும்வரை அவர்கள் பின்வளவில் ஒரு மரக்கொட்டிலில் இருந்தார்களாம். வீட்டுச் சொந்தக்கார அன்ரிதான் இதைச் சொன்னார். மலேசியாவிலிருந்து இந்த நாட்டுக்கு எங்களுக்கு வெகு முன்பே வந்தவர். கொஞ்சக் காலத்துக்கென்று போட்ட அந்தக் கொட்டில் இன்னும் நிற்கிறது.

பிள்ளை பிறப்பதற்கு முன், அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்து, துடக்கு வீட்டுக்குள் சாமிப் படங்கள் இருக்கக்கூடாது, வேறு எங்காவது வை என்றார். வேறு எங்கு வைப்பது? உறவென்று இங்கே ஒருவரும் இல்லை. இவர் படங்களைக் கொட்டிலுக்குள் கொண்டுபோய் அடுக்கினார். முப்பத்தோராம் நாள் துடக்குத் தீட்டுக் கழிந்து நானே போய் விளக்கேற்றினேன். பிறகு படங்களைத் திருப்பி வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை.

காலையில் இவர் நகர மையத்துக்குப் பஸ் ஏறியதும் தெருவில் ஒரு கார்கூட மிச்சமிராது. பிள்ளையோடு நிறையக் கதைக்கவேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கதைப்பேன். போதுமான அளவு கதைத்தேனா, தமிழில் மட்டும் கதைப்பது சரியா என்று உடனே யோசனை வரும். அவள் தூங்கியதும், அழுதால் கேட்கும் மானிட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போவேன். அங்கே பழைய மரத்தின் வாசம் இருக்கும். விளக்கடியில் இருக்கும்போது மட்டும் நான் எதையும் சரிபார்ப்பதில்லை. அந்த நாட்களில் எனக்கென்று இருந்த ஒரே இடம் அது.

அன்ரிக்கு இது தெரியாது. மரக்கட்டிடத்துக்குள் நெருப்பு என்றால் என்ன சொல்வாரோ என்ற பயம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வீடு பார்க்க வருவதற்கு முன் படங்களையெல்லாம் தூக்கிவந்து உடுப்பு அலுமாரிக்குள் வைத்துவிடுவேன். எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட்டு, இரண்டு மண்வெட்டிகளைச் சாத்தி வைப்பேன்.

ஒருநாள் அன்ரி போன் எடுத்தார். கொட்டிலை இடித்துவிட்டு அந்த இடத்தில் சின்ன வீடொன்று கட்ட யோசிக்கிறாராம். அதற்கு முன், பழைய வீடுகளை ஆராயும் பெண் ஒருவர் வந்து பார்ப்பார். வைத்திருக்கத் தகுந்தது என்று அவர் சொன்னால் யோசிக்கலாம், வெறும் சாமான் போடும் இடமென்றால் இடித்துவிடலாம் என்றார். பார்க்க ஆள் வருகிறார் என்றதும் என் கைகள் பழகிய வேலையைச் செய்தன. சாமி அலுமாரிக்குள் போயிற்று. மண்வெட்டிகள் வந்தன.

வந்தவர் வெள்ளைக்காரப் பெண், அமைதியானவர். புகைக்குழாய் போன ஓட்டையைத் தகரத்தால் அடைத்திருந்ததைப் படம் பிடித்தார். கதவோரம் தாழ அடித்திருந்த கொக்கிகளைக் குனிந்து பார்த்து, பிள்ளைகள் கோட் மாட்டியவை என்றார். மாளிகைகளைக் காப்பாற்ற ஆட்கள் இருக்கிறார்கள், இப்படியானவற்றில் யார் வாழ்ந்தார்கள் என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை என்றார். பிறகு, இப்போது இதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று என்னிடம் கேட்டார்.

ஒருவருமில்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

அவருடைய கார் போனபின்தான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது. இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன்.

"நீர் ஏன் இதுக்குப்போய்க் கவலைப்படுறீர்? ஹென்டர்சனில வாங்கப் பாக்கிற வீடு சரிவந்தா எப்பிடியும் போகப்போறம்தானே."

அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தோடு நான் தூங்கப் பார்த்தேன், முடியவில்லை. விடிந்ததும் படங்களைக் கொட்டிலில் பழையபடி அடுக்கி விளக்கேற்றிவிட்டு, அன்ரியை வரச்சொல்லிப் போன் எடுத்தேன். வரவேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று மறுபடி எடுக்கப் போகையில் அவருடைய கார் வாசலில் நின்றது.

கொட்டில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தவர் படங்களை நோக்கிக் கைகூப்பினார்.

"நான் வர்றப்பல்லாம் இவங்கள எங்கம்மா வெச்ச?"

"அலுமாரிக்குள்ள, அன்ரி."

"ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கிட்டு ஓடுனியா? பாவம், சாமிக்கும் வாடகை வீட்டுப் பிரச்சனதான் போல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. விளக்குக்குக் கண்ணாடிக்கூண்டு வேண்டும் என்றார். அந்தப் பெண்ணிடம் தானே உண்மையைச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். காரில் ஏறும்போது திரும்பிப் பார்த்தார்.

"நீங்க இருக்கிற வரைக்கும் இது இருக்கட்டும். யாரும் புழங்காத இடத்த நான் சும்மா வெச்சிருக்க முடியாதும்மா. ரொம்ப நாள் இருப்பீங்கதானே?"

"ஓம் அன்ரி. கனகாலம் இருப்பம்."

சொன்ன வேகம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மத்தியானம், சனிக்கிழமை போய்ப் பார்க்கவேண்டிய வீடுகளை இவர் போனுக்கு அனுப்பியிருந்தார். எல்லாம் ஹென்டர்சனில், புதியவை. இரட்டைக் கண்ணாடி யன்னல். குளிர்காலத்தில் பிள்ளைக்கு இருமல் வராது. ஒன்றிலும் பின்வளவு இல்லை. நல்ல வீடுகள் என்று பதில் எழுதினேன். அன்ரியிடம் சொன்னதை இவரிடம் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று தெரியாமல், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இவருடைய பஸ் வரும்வரை சமையலறையில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன்.