மாப்பிள்ளையோடு அரை நாள்

அன்று காலை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். என் தங்கச்சியின் புருஷனைத் தண்ணீரில் இறக்க வேண்டும். இறங்கி அரை மணி நேரமாவது அவர் நீந்த வேண்டும். அதற்குள் அவருடைய சாவிக் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு மத்தியானம் வரைக்கும் அவரை வீட்டுப் பக்கம் விடாமல் எங்காவது சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தச் சாவி, சுங்கை சிப்புட்டில் அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டின் கம்பிக்கதவுப் பூட்டுக்கு உரியது. என் தங்கச்சி அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தாள். மாப்பிள்ளை தினமும் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிச் சாவியை எடுத்துப் போவார், சாயங்காலம் வந்து திறப்பார். பின்வாசலுக்கும் அதே ஏற்பாடுதான். கேட்டால் திருட்டு பயம் என்பார்.

இது எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்று வருடமாகத் தெரியும். ஒரு தீபாவளிக்கு முன்னால், வேலை நாளில், பத்து மணி வாக்கில் முறுக்கு டின்னோடு போய் நின்றேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "சாவி அவர்கிட்ட இருக்கு அண்ணே" என்றாள். பிறகு உள்ளே போய்க் காப்பி போட்டாள். குவளை கம்பிக்குள் நுழையாது. அதனால் கடையில் கட்டிக் கொடுப்பது போலப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைச் சுருக்கி ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு ஸ்ட்ராவும் செருகி இடுக்கு வழியாக நீட்டினாள். அவள் கை அதற்குப் பழகியிருந்தது. நானும் வாங்கிக் குடித்தேன். டின் நுழையாததால் முறுக்கை நாலு நாலாக எடுத்துக் கொடுத்தேன். காப்பி நல்லா இருக்கு என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். மடையன்.

புருஷன் பெண்டாட்டி விஷயம், நாம் தலையிடக் கூடாது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கும். எனக்கு டெங்கி வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஆறு நாளும் கஞ்சி கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அவர். வாயைத் திறந்தால் சிரிப்பு. அவர் வீட்டில் ஒரு பொம்பளை இப்படி இருக்கிறாள் என்று யாரிடம் போய்ச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். நானே முழுசாக நம்பவில்லை.

நம்பியது என் மனைவிதான். அவளும் தங்கச்சியும் வீட்டுத் தொலைபேசியில் பேசிப் பேசித் திட்டம் போட்டிருக்கிறார்கள். எனக்கு முந்தின நாள்தான் சொன்னாள்.

"பூட்ட அறுத்துடலாமே" என்றேன்.

"பக்கத்து வீட்டுலயே அவரோட அண்ணன் இருக்கார். அறுக்கிற சத்தம் கேட்டா அடுத்த நிமிஷம் போன் போயிரும். சாவி இருந்தா நானும் அவளும் மார்க்கெட்டுக்குப் போற மாதிரி வெளிய வந்துருவோம்."

"போலீசுக்குப் போனா?"

"போய் என்னான்னு சொல்றது? பொண்டாட்டிய பத்திரமா வச்சிருக்கார்னா? சாவிய அவர் ஒடம்பவிட்டுக் கழட்டறது குளிக்கறப்ப மட்டும்தான். நீங்க அவர தண்ணில எறக்குங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் சுல்தான் பிறந்தநாள் விடுமுறை. அவர்களுடைய ஒரே மகள் பினாங்கில் படிக்கிறாள், அவளுக்கும் விஷயம் தெரியும். விடுமுறை நாளிலும் மாப்பிள்ளை பூட்டிவிட்டுத்தான் வந்தார். காலை ஏழு மணிக்கு என் காரில் ஏறும்போதே துண்டோடு வந்தார். லம்பத்தில் குளியல், புருவாஸ் பக்கம் பழைய ராஜாக்கள் காலத்துக் கல்லறைகள், அப்படியே கடலோரத்தில் பிக்குணிகள் மடம், ரெண்டு மணிக்கெல்லாம் வீடு. இதுதான் நான் சொல்லிவைத்த கணக்கு. ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் லம்பத்தில் குதித்து வளர்ந்தவர் அவர். குளியல் என்று சொன்னதுமே மற்ற எதையும் காதில் வாங்கவில்லை.

லம்பம் என்று நாங்கள் சொல்வது ஈயம் தோண்டிவிட்டுப் போன குழி. மழைத் தண்ணீர் சேர்ந்து இப்போது ஏரி மாதிரி கிடக்கிறது. ஒரு பக்கம் சுண்ணாம்பு மலை, இன்னொரு பக்கம் வாத்துப் பண்ணை. பண்ணைக்குப் பின்னால் என் மனைவி தன் குட்டிக் காரில் ஜன்னலை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். வாத்து நாற்றத்தைப் பற்றி இன்றைக்கும் என்னிடம் குறைப்பட்டுக்கொள்கிறாள்.

மாப்பிள்ளை சட்டையைக் கழற்றினார். கைப்பேசி, சாவிக் கொத்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என் மடியில் வைத்தார்.

"நீங்க எறங்கல, மச்சான்?"

"காலைலேருந்து மூக்கடைப்பு, மாப்பிள்ளை."

"வயசாயிருச்சு லா உங்களுக்கு" என்று சிரித்துவிட்டுக் குதித்தார்.

அவர் நடுத் தண்ணீருக்குப் போகும் வரைக்கும் காத்திருந்தேன். சாவி வளையம் இறுக்கமாக இருந்தது. ஓடு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டிப் பத்து டன் சரக்கைக் கீறல் விழாமல் தூக்கி வைக்கிறவன் நான். அந்தச் சின்ன வளையத்தை என்னால் பிரிக்க முடியவில்லை. கட்டைவிரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. ஒருவழியாகச் சாவி கழன்றது. கொத்தின் கனம் குறைந்து தெரியாமல் இருக்க, என் தொழிற்சாலை லாக்கர் சாவியை அந்த இடத்தில் மாட்டினேன். அந்த நேரம் பார்த்து அவர் திரும்பி எனக்குக் கையசைத்தார். நானும் அசைத்தேன். வீட்டுச் சாவி என் உள்ளங்கையில் இருந்தது.

ஓட்டமும் நடையுமாகப் போய் மனைவியிடம் கொடுத்தேன். அவள் உடனே காரைக் கிளப்பினாள். நான் திரும்பி வந்து பார்த்தபோது தண்ணீரில் யாரும் இல்லை. மேலே ஒரு சலனமும் இல்லை. அப்போது என் மனசில் வந்தது இதுதான்: வராவிட்டால் நல்லது, எல்லாம் முடிந்துவிடும். கஞ்சி கொண்டுவந்து கொடுத்த மனுஷனைப் பற்றித்தான் அப்படி நினைத்தேன். ஒரு பத்து வினாடி இருக்கும். அந்தக் கரையில் தலை தெரிந்தது, இருமிக்கொண்டே சிரித்தார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கோலா கங்சார் தாண்டிப் போகிற வழி முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். நானும் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன், அதுதான் கொடுமை. சிரித்து முடித்ததும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது.

கல்லறைகள் இருந்த இடத்தில் கூரை போட்டு வேலி கட்டியிருந்தார்கள். கொஞ்சம் சாய்ந்த கற்கள், மேலே தேய்ந்துபோன எழுத்து. பக்கத்தில் செடி முளைத்த பழைய செங்கல் தளம். மாப்பிள்ளை மலாய்ப் பலகையை ஒரு வரி விடாமல் படித்தார். நான் கடிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பத்து மணிக்கு அவர் கைப்பேசியை எடுத்தார்.

அது வழக்கம். தங்கச்சிக்கு இப்போது கைப்பேசி கிடையாது. தினமும் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பார், அவள் எடுக்க வேண்டும். பத்து மணி அழைப்பை எடுத்துவிட்டுத்தான் வெளியேறுவேன், அப்போதுதான் மூன்று மணி நேரம் கிடைக்கும் என்று அவளே கணக்குப் போட்டிருந்தாள். திட்டம் தெரிந்தும் மணியை எண்ணிக்கொண்டு நின்றேன். மணி நாலு தடவை அடித்தது.

"என்ன சமையல்?" என்று கேட்டார். "கீரையா? சரி சரி. அண்ணன்கிட்ட பேசு" என்று என்னிடம் நீட்டினார்.

"சாப்டீங்களா அண்ணே?" என்றாள் தங்கச்சி. அடுப்படியில் நின்று கேட்கிற அதே குரல். பின்னால் என் மனைவி இருமுவது எனக்குக் கேட்டது. "சாப்டேன்மா" என்றேன். கைப்பேசியை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இவளைப் போய்ப் பயந்தவள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேனே என்று இருந்தது.

மடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற சின்னக் கட்டடம். மொட்டைத் தலையும் சாம்பல் அங்கியுமாக ஏழெட்டுச் சீனப் பிக்குணிகள் இருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சைவ மீஹூன் சேமியா போட்டார்கள். நாங்களும் தட்டை வாங்கிக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்தோம். காற்று உப்பாக வீசியது.

"பாருங்க மச்சான், இந்த பொம்பளைங்க மொகத்துல என்னா நிம்மதி" என்றார் மாப்பிள்ளை. "வெளிய போற வேலையே இல்ல. அதான்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. வயதான பிக்குணி ஒருத்தர் அங்கியை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறி, கூடையோடு வெளிவாசலைத் தாண்டிப் போனார். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மாப்பிள்ளை அதைக் கவனிக்கக்கூட இல்லை. மீஹூனைச் சுற்றி வாயில் போட்டுக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார்.

"எல்லாம் உங்க புண்ணியம் மச்சான். அன்னைக்கு தே தாரிக் கடைல நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"நான் என்ன சொன்னேன்?"

"மறந்துட்டீங்களா? அவ தையக்கடைல வேலை கேட்டுருக்கான்னு சொன்னீங்களே. மறுநாளே போயி நல்ல பூட்டா வாங்கிட்டேன்."

எனக்கு நினைவு வந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் தங்கச்சி எனக்கு அழைத்தாள். அவர் எங்கே போனாலும் கூடவே வருகிறார், என் கைப்பேசியை வாங்கிப் பார்க்கிறார், மூச்சு முட்டுது அண்ணே என்றாள். தையல் கடையில் வேலை கேட்டிருக்கிறேன், அவரிடம் மட்டும் சொல்லாதீங்க என்றாள். நான் அண்ணன் அல்லவா? பெரிய மனுஷனாக நடந்துகொள்ள வேண்டாமா? மாப்பிள்ளையைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போய், எதிரே உட்கார வைத்து, முறையாக எடுத்துச் சொன்னேன். பொம்பளை சும்மா வீட்டில் இருந்தால் மனசு கெட்டுவிடும், வேலை கேட்டிருக்கிறாள், விட்டுப் பாருங்கள் என்றேன். அவரும் "சரி மச்சான்" என்று சிரித்தார். நல்ல காரியம் பண்ணிவிட்டேன் என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு அந்த வேலை என்ன ஆயிற்று என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பூட்டை வாங்கியது அவர். ஆனால் வாங்க வைத்தது நான். தட்டைக் கீழே வைத்துவிட்டேன். 

ஒரு மணிக்கு அவர் வீட்டுக்கு அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தார். மூன்றாவது தடவை எழுந்து நின்று அழைத்தார்.

"குளிச்சுக்கிட்டிருப்பா" என்றேன்.

"இது அவ குளிக்கிற நேரம் இல்ல."

கால்சட்டைப் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். எதற்கு எடுத்தார் என்று தெரியவில்லை, பயத்தில் தொட்டுப் பார்ப்பது போலத்தான் இருந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து ஒரு சாவியில் விரல் நின்றது.

"இது என்னா சாவி, மச்சான்?"

"என்னோடது. லாக்கர் சாவி."

அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கத்தவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவ எங்க?"

"தெரியாது, மாப்பிள்ளை."

"பொய் சொல்லாதீங்க. உங்கள நம்பித்தானே குடுத்தேன்."

"அவளும் என்னை நம்பித்தான் அன்னைக்குச் சொன்னா" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. எனக்குத்தான் சொல்லிக்கொண்டேன் போலிருக்கிறது.

வந்தது என் கார். திரும்ப வேறு வழியில்லை, இருவரும் அதே காரில்தான் ஒன்றரை மணி நேரம் வந்தாக வேண்டும். அவர் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வாடகைக் காரில் வருகிறவர் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் அழுகிற சத்தம் கேட்டது. நிறுத்தலாமா என்று யோசித்தேன். நிறுத்தவில்லை. அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் உண்மை இருக்காது.

வீட்டு வாசலில் இறங்கியபோது கம்பிக்கதவு வெளியே பூட்டியபடியே இருந்தது. தங்கச்சி பூட்டிவிட்டுத்தான் போயிருக்கிறாள். அவர் தன் வீட்டு வாசலிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சத்தம் கேட்டு அவருடைய அண்ணன் வெளியே வந்தார். நான் காரைத் திருப்பிக்கொண்டு ஈப்போவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். சும்மா சொல்லக் கூடாது, அத்தனைக்குப் பிறகும் ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்துத்தான் நின்றேன்.

"கெளம்பிட்டாளா?"

"ம். ஒரே ஒரு பைதான். பஸ் ஏத்திவிட்டேன்."

"எந்த ஊரு பஸ்?"

குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டா."

அன்று காலையில் இதைக் கேட்டிருந்தால் வீட்டையே ரெண்டாக்கியிருப்பேன். கூடப்பிறந்த அண்ணன், சாவியை எடுத்துக் கொடுத்தவன், எனக்கே சொல்ல மாட்டாளா என்று குதித்திருப்பேன். இப்போது எட்டு மாதம் ஆகிறது. மனைவிக்கு அவள் இருக்கும் ஊர் தெரியும். நான் இன்னும் கேட்கவில்லை.