பால் வாளிக்குள் கஞ்சி

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில் எங்கள் புக்கிட் ரோத்தான் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டில் ஒளிந்து சண்டைபோடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று ஒரு பருக்கையைக்கூட வெளியே விடமாட்டார்கள்.

வேலிக்கு வெளியே நான் பால்வெட்டும் மர நிரையில் எலும்பும் தோலுமாக ஒரு நாய் கிடந்தது. ஈறு அழுகிப் பல்லெல்லாம் விழுந்திருந்தது. கெட்டியாக எதைத் தின்றாலும் கக்கியது. பால் வாளிக்குள் கஞ்சியை ஒளித்துக் கொண்டுபோய், கொஞ்சங்கொஞ்சமாக ஊட்டித் தேற்றினேன்.

ஒருநாள் கேட்டில் காவலர் வாளியைத் திறந்துவிட்டார்.

"யாருக்கும்மா இது?"

"நாய்க்குங்கய்யா. பல்லும் இல்ல, வயிறும் தாங்கல."

நம்பாமல் துப்பாக்கியோடு பின்னாலேயே வந்தார். வாளிச் சத்தம் கேட்டு நாய் வாலாட்டிக்கொண்டு ஓடிவந்தது. அதன் வாயைத் திறந்து பார்த்தார், நான் தப்பித்தேன். நாயைச் சுட்டுவிட்டு, "இனிமே கஞ்சி வேணாம்லா" என்றார்.

இப்போது வேலி இல்லை. தெருநாய்களுக்குக் கஞ்சியைத் தூரத்தில் வைத்துவிட்டு, என் கிட்டே வந்தால் கல்லெடுத்து விரட்டுகிறேன். மனிதரைக் கண்டு வாலாட்டப் பழகிவிடக்கூடாது.