மலைக்கு ஒரு ஜெட், ஈப்போவுக்கு ஒரு ஜெட்

எண்பத்தாறாம் ஆண்டு, பள்ளி விடுமுறை. காலை ஏழு மணிக்கு ஈப்போவின் சிலிபினிலிருந்து கிளம்பினோம். கார், கேமரன் மலையில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் செல்லையாவுடையது. டர்போ பொருத்திய ஜப்பான் கார். மலையில் புகை கக்குகிறதென்று பல பட்டறைகள் பார்த்தும் தேறவில்லை. ஆயர் தாவார் ரப்பர் தோட்டம் கைமாறி மெக்கானிக் வேலை இழந்திருந்த என் தம்பி அருளப்பன்தான் அதைப் பிரித்து மாட்டியிருந்தான். கார் ஒழுங்காக ஓடினால், செல்லையாவின் வண்டிகளையெல்லாம் பார்க்கும் வேலை அவனுக்கு. ஓடாவிட்டால் மறுபடி வேலை தேடி அலைய வேண்டியதுதான். சும்மா இருக்க முடியாமல் நானும் தொற்றிக்கொண்டேன்.

தாப்பா வரை பறந்தோம். அங்கே இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ நாற்பது காசு. வெறும் சர்க்கரைத் தண்ணீர். பிறகு மலைமேல் செல்லையாவின் ஊரான தானா ராத்தா வரை முப்பத்தேழு மைல் வளைவுகள். ரிங்லெட் தாண்டியதும் பின்னால் கறுப்புப் புகை.

"என்னடா, போச்சா?"

"இல்லக்கா. மேல காத்து கம்மி லா. பெட்ரோல் கூடுதலாப் போவுது."

காரை ஓரங்கட்டி, கார்புரேட்டரில் பெட்ரோல் இறங்கும் பித்தளை ஜெட்டைக் கழற்றி, துளை சிறிய ஒன்றை மாட்டினான். புகை நின்றது. எனக்கு உயிர் வந்தது.

தானா ராத்தாவில் செல்லையா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"பாகுஸ் லா தம்பி, ரொம்ப நல்லாருக்கு. இப்பவே ஈப்போ போயிட்டு வாரேன்."

அருள் வாயைத் திறந்தான். முழங்கையால் இடித்தேன், முதலில் வேலை கிடைக்கட்டுமே என்று. அவன் கேட்டால்தானே.

"அண்ணே, இப்படியே போவாதீங்க. கீழ போய் மிதிச்சா டர்போ காத்த அள்ளி அடைக்கும். இந்தச் சின்ன ஜெட்டுக்குப் பெட்ரோல் பத்தாது, பிஸ்டன் வெந்துரும். எறங்குனதும் பெருச மாட்டணும்."

"அப்போ காடி சரியாவலியா?" செல்லையா காரைத் தட்டிக் கேட்டார்.

"ஒரே ஜெட்டுல ரெண்டு எடமும் ஓடாதுண்ணே."

செல்லையா பானெட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பிழைக்கத் தெரியாதவன் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

"போன வருசம் ஒருத்தன் இங்கயே டியூன் பண்ணிக் குடுத்தான்," என்றார் கடைசியில். "நல்லா ஓடுச்சு. கீழ பீடோர்ல எஞ்சின் வெந்து நடுரோட்டுல நின்னேன். ஏன்னு இன்னைக்குத்தான் ஒருத்தன் சொல்றான்."

சாவியை அருளிடம் நீட்டினார். "நீயே ஓட்டு, நானும் வாரேன். நாளைக்குத் திரும்பும்போது உன் துணிமணிய ஏத்திக்க."

லாத்தா இஸ்கண்டார் அருவியருகே நிறுத்திப் பெரிய ஜெட்டை மாட்டினான். தாப்பாவில் வெயில் முகத்தில் அறைந்தது. மேலேயோ எலும்பு வரை குளிர். இவனிடம் ஒரு ஸ்வெட்டர்கூடக் கிடையாது. இன்றைக்கே ஈப்போவில் வாங்கியாக வேண்டும்.

"இப்பத்தான் பெரிய ஜெட்டு இருக்கே," என்றேன் பின்சீட்டிலிருந்து. "நல்லா மிதிடா."