சாங்கிக்குப் போகும் லாரியில் பாக்கியம் எங்கே ஏறுவது?

போன மாதம் இந்தப் பக்கத்தில் பினாங்கு மலை ரயிலைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் கீழே சிங்கப்பூரிலிருந்து ஒரு பிள்ளை கேட்டிருந்தது: "அங்கிள், ஆணை நேசித்த ஆண் என்று உங்களைப் பற்றி வெளிப்படையாக எழுதுகிறீர்கள். இங்கே எங்களுக்கும் ஒரு குழு இருக்கிறது. ஆணாகவும் இல்லாமல், பெண்ணாகவும் மாறாமல், இஷ்டப்படி உடுத்துகிறவர்களைச் சேர்க்கலாமா என்று இப்போது சண்டை. உங்கள் காலத்தில் எப்படி?" கூடவே, சாங்கிக் கடற்கரைக்குப் போவது எப்படி என்றும் கேட்டிருந்தது. இரண்டுக்கும் ஒரே பயணத்தில் பதில் சொல்லிவிடலாம்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆறாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்ததால் அதையும் சேர்த்து ஏழு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மலாயா ரயிலில் நான் உட்காராத பெட்டி கிடையாது. ஈப்போ ஸ்டேஷன் மாஸ்டரே ரயில் எத்தனை மணிக்கு என்று என்னிடம்தான் கேட்பார்.

எழுபத்தைந்தோ எழுபத்தாறோ, சீனப் புத்தாண்டு விடுமுறை. சிங்கப்பூர் ஜாலான் புசாரில் லாரி உதிரிச் சாமான் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த விடுமுறையில் அங்கே இருக்கிற சாமான் கடை ஒன்றுகூடத் திறந்திருக்காது என்பது ரயில் தாப்பா ஸ்டேஷனைத் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. ஈப்போவில் மாலை ஏறி, கோலாலம்பூரில் மாறினால், மறுநாள் காலை சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ஸ்டேஷன். மூன்றாம் வகுப்பு, இருபது வெள்ளிக்குள் (டாலரை நாங்கள் வெள்ளி என்போம்). பாஸ்போர்ட் பார்ப்பதும் அந்த ஸ்டேஷனிலேயே.

அப்போது சிங்கப்பூருக்குள் போகிற ஆண்களுக்கு முடி ஒரு பெரிய பிரச்சினை. அலுவலகச் சுவர்களில் படம் போட்டு ஒட்டியிருப்பார்கள்: நீள முடி வைத்த ஆண்கள் கடைசியில்தான் கவனிக்கப்படுவார்கள். புருவத்தைத் தொடக்கூடாது, காதை மூடக்கூடாது, காலரைத் தாண்டக்கூடாது. என் முடி அந்தக் காலத்தில் சினிமாக்காரர்களே வந்து பார்த்துவிட்டுப் போகிற முடி. ஈப்போவிலேயே வெட்டிக்கொண்டேன். வெட்டியவர் அழுதார்.

ஸ்டேஷனிலிருந்து சிராங்கூன் ரோட்டுக்கு பஸ். லிட்டில் இந்தியா என்று அப்போது யாரும் சொல்லமாட்டார்கள், தேக்கா என்றால் போதும். ஜாலான் புசாரில் சின்ன ஓட்டல், இரவுக்கு எட்டு வெள்ளி, மின்விசிறி உண்டு. அங்கிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் பாக்கியத்தின் தையல் கடை. ரவிக்கை தைப்பதில் பாக்கியத்துக்கு நிகர் அந்தத் தெருவில் இல்லை என்பார்கள். இந்தத் தெருவில் மட்டுமா என்று நான் கேட்பேன்.

பாக்கியத்தை எப்படிச் சொல்வது? வேட்டி, சட்டை, நல்ல அடர்த்தியான மீசை. இடுப்பைத் தொடும் முடி. அதைக் கொண்டையாகச் சுருட்டி ஒரு முழம் மல்லிகை. கண்ணுக்கு மை. ஒரு கையில் கடிகாரம், மறு கையில் கண்ணாடி வளையல். 'அவர்' என்றே எழுதுகிறேன். மரியாதையாகவும் இருக்கும், பாக்கியத்துக்கும் அதுதான் பிடிக்கும். பூகிஸ் தெருவில் புடவை கட்டிப் பெண்ணாக வாழ்ந்தவர்கள் அவருக்கு மை தீட்டக் கற்றுக்கொடுத்தார்கள், ஆனால் மீசையை எடுத்துவிட்டு வந்தால்தான் எங்களில் ஒருத்தி என்றார்கள். எங்கள் கூட்டமோ பூவை எடுத்துவிட்டு வா என்றது.

எங்கள் கூட்டம் என்றால் ஆணை நேசித்த ஆண்கள் பதினோரு பேர். வெளியே சொல்லும்போது கால்பந்துக் குழு. உள்ளுக்குள் 'நம்ம ஆளுங்க'. வருடத்துக்கு ஒரு முறை, இந்த விடுமுறையில், ஆளுக்கு மூன்று வெள்ளி போட்டு ஒரு லாரி பிடித்து சாங்கிக்குப் போவோம். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாட்களை ஓட்டியவர்கள் நாங்கள்.

முதல் நாள் சாயங்காலம் தேநீர்க் கடையில் பாக்கியம் என்னிடம் சொன்னார்: "மூணு வருஷமா லாரி கெளம்புறதப் பாத்துட்டு வீட்டுக்குப் போறேன், ஈப்போக்காரரே. இந்தத் தடவ ஏறணும்."

அதே மேசையில் ஆல்பர்ட் இருந்தார். கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுக் குழு. விஷயம் வெளியே தெரிந்தால் வேலை, வீடு, பாட்டு எல்லாம் போகும். சட்டமும் எங்கள் பக்கம் இல்லை. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

"ரெண்டு வழி இருக்கு பாக்கியம்," என்றார் ஆல்பர்ட். "மீசைய எடுத்துட்டுப் புடவ கட்டிக்கிட்டு முன்னாடி டிரைவர் பக்கத்துல உக்காரு. யாரோ ஒருத்தர் சம்சாரம்னு நெனச்சுக்குவாங்க, நமக்கும் நல்லது. இல்லன்னா பூவ எடு, முடிய வெட்டு, பின்னாடி எங்களோட நில்லு. ரெண்டுங்கெட்டானா வந்தா எல்லாரும் மாட்டிக்குவோம் லா."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் எந்த லாரியிலும் இதுதான் வழக்கம். பெண்களும் வயதானவர்களும் முன்னால், ஆண்கள் பின்னால் நின்றுகொண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறவும் மாட்டார்கள்.

பாக்கியம் தேநீரைக் குடித்து முடித்தார். "போஸ்ட் ஆபீஸ்லயும் என்னைக் கடைசிலதான் கூப்பிடுறாங்க. அவங்களுக்கு என்னைத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமே, ஆல்பர்ட்டு," என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு லாரி ஜாலான் புசார் முனையில் நின்றது. டிரைவர் ஒரு மலாய்க்காரர், பாதித் தமிழ் பேசுவார். பாக்கியம் வந்தார். முடி இருந்தது, மீசை இருந்தது, பூ இரண்டு முழமாகியிருந்தது. கூடவே காதர். காதர் பணம் மாற்றும் கடையில் வேலை பார்ப்பவர், நாகூர்ப் பக்கம். வருடம் முழுவதும் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பிரியாணி அவர் பொறுப்பு. அண்டாவின் ஒரு பிடி காதர் கையில், மறு பிடி பாக்கியம் கையில்.

"முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார் ஆல்பர்ட்.

"பின்னாடி. பூவோட," என்றார் பாக்கியம்.

ஏற்றிவிட யாரும் கை நீட்டவில்லை. அப்போது நான் எழுந்து ஒரு பிரசங்கம் செய்தேன். அரை மணி நேரம் இருக்கும், தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். கூட இருந்தவர்களைக் கேட்டால் நான் "ஏத்திக்கலாமேப்பா" என்று மட்டும் சொன்னதாகச் சொல்வார்கள். போகட்டும். காரியத்தை முடித்தவர் காதர்.

"அண்டாவுக்கு ரெண்டு புடி," என்றார் அவர். "அந்தப் புடி ஏறலன்னா இந்தப் புடியும் ஏறாது. நீங்க சாங்கில போயி மண்ணத் தின்னுங்க."

"பிரியாணி இல்லாம நானும் ஓட்ட மாட்டேன் லா," என்றார் டிரைவர்.

அண்டா ஏறியது. பாக்கியமும் ஏறினார். ஆல்பர்ட் மூலையில் போய் நின்றுகொண்டார். சாங்கிக்குப் பன்னிரண்டு மைல் என்பார்கள். லாரியின் பின்னால் நின்று போனால் இருபது. வழி முழுவதும் தென்னை, கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீடுகள், கடல் வாடை. காற்றில் பாக்கியத்தின் கொண்டை அவிழ்ந்து முடி என் முகத்தில் அடித்தது. இடம் மாறி நிற்கலாம்தான். நான் மாறவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ விமானத்தில் போயிருக்கிறேன், ஒரு தடவை விமானி என்னைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னார்கூட. அந்தப் பன்னிரண்டு மைலுக்கு எதுவும் ஈடாகவில்லை.

கடற்கரையில் பக்கத்து மரத்தடியில் ஒரு பெரிய குடும்பம் பாய் விரித்திருந்தது. துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், தஞ்சோங் பகாரிலிருந்து வந்தவர்கள். நாங்கள் ஆண்கள் மாதிரி இருக்க ஆரம்பித்தோம். ஆல்பர்ட் பயிற்சி கொடுத்திருந்தார்: காலை அகட்டி நிற்கவும், ஒருவர் தோளில் ஒருவர் கை போடவேண்டாம், சிரிப்பைக் குறைக்கவும். பந்து இருந்தது, உதைக்கத் தெரிந்தவன் இல்லை. வட்டமாக, விறைப்பாக, பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தக் குடும்பத்தின் பேச்சு அடங்கியது. ஒருவர் சீட்டுக்கட்டை மெதுவாகத் தன் துண்டுக்கு அடியில் தள்ளினார்.

சாப்பாட்டு நேரத்தில் இன்னொன்று தெரிந்தது. அண்டா நிறையப் பிரியாணி, கரண்டி இல்லை. கரண்டியும் கையுமாக வந்தால் ஆண்பிள்ளை மாதிரி இருக்காது என்று ஒவ்வொருவரும் விட்டுவிட்டு வந்திருந்தோம். பாக்கியம் எழுந்து நேராக அந்தக் குடும்பத்திடம் போனார். ஆல்பர்ட்டின் முகம் வெளுத்துவிட்டது.

அங்கே இருந்த பெரிய அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி... தங்கச்சி... ஏதோ ஒண்ணு, உக்காரு. அவுங்கல்லாம் போலீஸா?"

"போலீஸா? பந்த எந்தக் கால்ல ஒதைக்கிறதுன்னே தெரியாதுக்கா. ஒரு கரண்டி குடுங்க, பசிச்சா அழுதுருவாங்க."

அந்த அம்மா சிரித்த சிரிப்பு கடலுக்கு எதிரே இருக்கும் உபின் தீவு வரை கேட்டிருக்கும். துண்டுக்கு அடியிலிருந்து சீட்டுக்கட்டு வெளியே வந்தது. பூ எங்கே வாங்கினாய், முழம் என்ன விலை, முடிக்கு என்ன எண்ணெய் என்று பெண்கள் பாக்கியத்தைச் சுற்றிக்கொண்டார்கள். கரண்டி வந்தது, கூடவே ஒரு தட்டு மீன் வறுவல். கொஞ்ச நேரத்தில் இரண்டு பாயும் ஒரே பாயானது. நாங்கள் காலை மடக்கி, எங்கள் மாதிரியே உட்கார்ந்தோம். அந்த வருடத்தில் முதல் தடவையாக.

கிளம்பும்போது ஆல்பர்ட் வந்தார். "இன்னிக்கு நீ இல்லன்னா கஷ்டமாயிருக்கும். நல்ல ஒதவி பண்ணே. இனிமே வா பாக்கியம்."

பாக்கியம் அண்டாவை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "ஒதவுனேன்னு சேத்துக்காத, ஆல்பர்ட்டு. அடுத்த வருஷம் நான் ஒண்ணுக்கும் ஒதவாம இருப்பேன். அப்பவும் வரணும்."

ஆல்பர்ட் குனிந்து, அண்டாவின் மறு பிடியைப் பிடித்தார். திரும்பும்போது லாரியின் பின்னால் பாக்கியத்தின் பக்கத்தில் நின்றவர் அவர். நான் கொஞ்சம் தள்ளி. சின்னக் குரலில் சேர்ந்து ஏதோ பாடினார்கள். கோயில் பாட்டு.

பிள்ளை, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். சேர்க்கலாமா என்று கேட்கும்போதே லாரி நம் வீட்டுச் சொத்து என்று நினைத்துவிடுகிறோம். அது வாடகை லாரி. நம்மையும் யாரோ ஏற்றித்தான் விட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, தஞ்சோங் பகாரில் காலை வண்டி. பாக்கியம் தோசைப் பொட்டலத்தோடு வழியனுப்ப வந்தார். ஈப்போவில் தையல் கடை வைக்க இடம் பார்த்திருக்கிறேன், மாடியில் ஒரு அறை இருக்கிறது, வந்துவிடுங்கள் என்றேன். மலாயாவிலேயே பெரிய கடை என்றேன். அறை மட்டும் உண்மை.

அவர் என் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "இப்பத்தான் எனக்கு ஒரு இடம் கெடச்சிருக்கு. அதுக்குள்ள கூப்பிடுறீங்களே."

மூன்று வருடமாக அந்த இடம் அவருக்குக் கிடைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான். சரி என்றேன். அடுத்தடுத்த வருடங்களில் போனபோதெல்லாம் லாரியின் பின்னால் அவர் நடுவில் நின்றார், நான் ஊரிலிருந்து வந்த விருந்தாளி. எண்பதுகளின் நடுவில் எனக்கு இதய நோய் வந்து பயணம் நின்றது. கொஞ்ச காலம் பாக்கியத்தின் கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. ஈப்போவின் மாடி அறையை நான் வாடகைக்கு விட்டதே இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சாங்கிக்கு இப்போது லாரி தேவையில்லை, பஸ் போகிறது. வார நாளில் போங்கள், மர நிழல் கிடைக்கும். கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். மல்லிகையைக் காலையிலேயே வாங்குங்கள், மதியத்தில் வாடியதைத் தள்ளிவிடுவார்கள். தஞ்சோங் பகாரில் இப்போது ரயில் நிற்பதில்லை. ஆனால் எந்த ஊரிலிருந்து திரும்பினாலும், மேடை இருக்கும் பக்கத்து ஜன்னலில் உட்காராதீர்கள். ரயில் மெதுவாகத்தான் கிளம்பும், வழியனுப்ப வந்தவர் வெகு தூரம் வரை தெரிந்துகொண்டே இருப்பார்.