வேப்பிலையைப் பார்த்து விழுந்த பங்கு

ஒற்றை மாட்டுவண்டியோடு மலாயாவில் ஈப்போ நகரத்துக்கு வந்தவன் நான். பிறகு வண்டிகள் பெருகின, லாரி வந்தது, ரயிலடிக்குப் பக்கத்தில் கொட்டகை, குனோங் ராபாட் மலையடியில் கல்வீடு. எல்லாம் நானே உண்டாக்கியவை. பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். ரப்பர் கம்பெனிப் பங்கு வாங்கிய வண்டிக்காரன் அன்றைக்கு என்னைத் தவிர வேறு யார் இருந்தான், சொல்லுங்கள்.

நான் ரப்பர் ஷீட் ஏற்றுகிற தோட்டத்தின் பங்கு அது. பாடுபட்டுச் சேர்த்ததையெல்லாம் அதில்தான் போட்டிருந்தேன். உலகத்தையே வாரிக்கொண்டு போன விஷக் காய்ச்சல் ஓய்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கோ ஒரு கப்பலில் யாரோ இருமினான் என்றால் போதும், ஈப்போ தரகர் ஆபீசில் பங்கு விலை இறங்கும். ஆள் படுத்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு நிற்கும், பால் நின்றால் கம்பெனியும் படுத்துவிடும் என்ற பயம்.

ஒருநாள் காலை அந்தத் தரகர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என் கொட்டகைக்கே வந்தான். நம் தமிழன்தான், ஆனால் அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன். அப்போதே எனக்கு உறுத்தியது.

“அண்ணே, பங்க வித்துப்புடுங்க. ஒங்க தோட்டத்துல பழைய காய்ச்சல் வந்துருச்சுலா.”

“யாரு சொன்னா?”

“நானே பாத்தேன். கூலியாளுங்க குடியிருக்குற லயத்துல ஒரு வாசல் பாக்கியில்ல, வேப்பில சொருகியிருக்கு.”

காய்ச்சல் காலத்தில் நோய் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைதான் சொருகினோம். ஆனால் இது வேறு.

“அது மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுனது தம்பி. திருவிழா. தோட்டத்துக்கு வந்தவன் ஒரு ஆளக் கூப்பிட்டுக் கேக்க மாட்டியா?”

“காய்ச்சல்னு தந்தி போயிருச்சுண்ணே. சீன மொதலாளிங்க, தவுக்கேமாருங்க எல்லாம் விக்கிறாங்க.”

“எல்லாரும் வித்தா வாங்குறவன் எவன்?”

அவன் போன பிறகு நானே விசாரித்தேன். வாங்கியவர்களில் அவன் மச்சானும் ஒருவன்.

விலை நாளுக்கு நாள் சரிந்தது. நான் விற்கவில்லை. ஆபீசுக்குப் போய், அது திருவிழா வேப்பிலை என்று சொன்னேன். வண்டிக்காரன் பேச்சை யார் கேட்பார்கள்? கடைசியில் அந்த ஆபீசை நடத்திய வெள்ளைக்காரத் தரகரையே மடக்கி, எனக்குத் தெரிந்த மலாயில், நேரில் வந்து பாருங்கள் என்றேன். தீமிதி அன்று என் லாரியில் வந்தார், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு. லயத்து ஜனம் மொத்தமும் தீக்குழியைச் சுற்றி நின்று கொண்டிருந்தது. பெண்கள் வேப்பிலையோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காலிக் கட்டில்களைக் காட்டினார். திரும்பும்போது கைக்குட்டை தரகரின் சட்டைப் பையில் இருந்தது. அந்த வாரமே விலை ஏறியது.

கிராணி தெரியாமல் செய்தானா, தெரிந்தே செய்தானா? தெரிந்தே செய்தான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதோடு விட்டானா? வதந்தியை அடக்கியதே தான்தான் என்று காப்பிக் கடை காப்பிக் கடையாகச் சொன்னான். இப்போது தோட்டத்து வரலாறு எழுதுகிற நீங்களும் ‘வதந்தியை ஆபீஸ் சரிபார்த்தது’ என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். எந்த ஆபீஸ்? லாரி யாருடையது? தரகரைக் கூட்டிப்போனது யார்? அந்த வரியை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். ‘ஒரு வண்டிக்காரர்’ என்று போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.