காருக்குள் கருகல் வாசம்

கார் கம்பெனியிலிருந்து அழைப்பதாகச் சொன்ன அந்தப் பெண் தொலைபேசியில் பேசி முடிப்பதற்குள் நான் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டேன். "சார், உங்க மாடல் கார்ல ஒரு வயரிங் கோளாறு இருக்கு. இன்ஜின் ஆஃப்ல இருந்தாலும் தீப்பிடிக்கலாம். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வர்ற வரைக்கும் வீட்டுக்கு வெளிய நிறுத்துங்க. இலவசமா மாத்தித் தர்றோம்" என்றாள். இலவசமாம்! மோசடிக்காரர்கள் நாளுக்கு மூன்று பேர் அழைக்கிற ஊர் இது. என் கார் எண்ணை அவள் சரியாகச் சொன்னாள். அதனாலேயே எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. "வேற ஆள பாரு லா" என்று வைத்துவிட்டேன். அன்று முழுக்க ஆபீஸில் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்தேன்.

கிள்ளானில் எங்களுடையது மாடி வீடு. கார் நிற்கும் போர்ச்சுக்கு நேர் மேலே மகளின் அறை. வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவாள். கடைசியில் காருக்குள்ளும் தூபக்காலைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்துவாள். கார் வாங்கிய நாளிலிருந்தே இது வழக்கம். அதனால் காருக்குள் புகை வாசம் அடித்தால் எனக்குப் பக்திதான் வரும். சில வாரங்களாக வாசம் கொஞ்சம் காரமாக இருந்தது. "பிரிக்பீல்ட்ஸ்ல வாங்குன சாம்பிராணி நல்ல சாம்பிராணி. புதன்கிழமை வரைக்கும் நிக்குது பாரு" என்று அவளை மெச்சிக்கூடப் பேசினேன்.

பிறகு தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காக அவள் சிரம்பானுக்குப் போனாள். இரண்டு வெள்ளிக்கிழமைகள் கழிந்தன. சாம்பிராணி போட எனக்குச் சோம்பல். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மீன் வாங்கப் பாசாருக்குப் போய்த் திரும்பினேன். போர்ச்சில் இன்ஜினை நிறுத்திவிட்டு மீன் பையை எடுக்கக் குனிந்தால், அதே வாசம்! பழக்கதோஷம், ஒருமுறை ஆழமாக இழுத்துக்கூடப் பார்த்தேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. இரண்டு வாரமாக இந்த வீட்டில் சாம்பிராணியே கிடையாது!

மீனைப் போட்டுவிட்டு வெளியே குதித்தேன். மேலே மகளின் அறையைப் பார்த்து, "கீழ வா! எல்லாத்தையும் போட்டுட்டு ரோட்டுக்கு ஓடு!" என்று அலறினேன்.

"ஏம்பா?"

"கேள்வி கேக்காத, ஓடு!"

கியரைத் தளர்த்தி, ஹேண்ட்பிரேக்கை இறக்கித் தள்ளினேன். அசைந்தால்தானே! "அபாங்! தோலோங்! அப்பி!" என்று அடுத்த வீட்டு மலாய்க்காரரை உதவிக்குக் கூப்பிட்டேன். தீ என்று காதில் விழுந்ததும் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். என் மகள் சொன்னால் கேட்கிற பிள்ளையா? அவளும் வந்து தோள் கொடுத்தாள். மூன்று பேரும் கத்திக்கொண்டே தள்ளினோம். கார் ரோட்டுக்கு வந்து நின்ற நேரம், பானெட் இடுக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை கசிந்தது. அவர் ஸ்பானர் எடுத்து வந்து, பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றி எறிந்தார். புகை அடங்கியது. எங்களுக்கு ஏனோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தோம். அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எங்கள் கால்வரை ஓடிவந்திருந்தது.

திங்கட்கிழமை லோரியில் ஏற்றிக் காரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். பள்ளி விடுமுறை என்பதால் மகளும் கூடவே வந்தாள். கார் எண்ணைத் தட்டியதுமே கணினியில் சிவப்பாக வந்தது. கோளாறுக்காகக் கம்பெனி திரும்ப அழைத்த கார்தான். அந்தப் பெண் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மெக்கானிக் அண்ணன் உள்ளேயிருந்து ஒரு பிளக்கைப் பிடுங்கி என் கையில் வைத்தார். பாதி உருகிக் கருகியிருந்தது.

"வீட்டுல எங்க நிறுத்துவீங்க, பாஸ்?"

"போர்ச்லதான்."

"மேல யாரும் படுக்குறாங்களா?"

பிளக்கை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மகள், வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோலக் கையைத் தூக்கி, "நான்தான் அங்கிள்" என்றாள்.